ஒரே பாடல், மூன்று முயற்சி: ஆ-ஹாவின் ‘டேக் ஆன் மீ’

1985 அக்டோபர் 19. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 என்ற பாடல் தரவரிசைப் பட்டியலில் அந்த வாரம் முதலிடத்துக்கு வந்த பாடல் ‘டேக் ஆன் மீ’. பாடியது நார்வேயைச் சேர்ந்த ஆ-ஹா என்ற மூவர் குழு. நார்வேக்காரர்கள் யாரும் அதுவரை எட்டாத இடம் அது. அதுவும் முதல் சிங்கிளிலேயே, அதாவது தனியாக வெளியிட்ட முதல் பாட்டிலேயே. குழுவின் பெயரைத் தமிழில் எழுதினால் நாம் வியக்கும்போது வாயில் வருகிற சொல்லாகவே இருக்கிறது. அந்த வாரத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

இவ்வளவை மட்டும் படிப்பவருக்கு, எடுத்த எடுப்பிலேயே குதிரையேறிய புதுமுகங்கள் என்றுதான் தோன்றும். ஆனால் இதே பாடல், இதே தலைப்பில், இதே பாடகரின் குரலில், சரியாக ஓராண்டுக்கு முன் 1984 அக்டோபரில் பிரிட்டனில் வெளிவந்து 137ஆம் இடத்தோடு நின்றுபோயிருந்தது. வேறொரு தயாரிப்பாளரை வைத்துப் புதிதாகப் பதிவு செய்து 1985இல் மறுபடி விட்டார்கள். பிரிட்டனில் அப்போதும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை வந்தபோதுதான் அதே பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை ஏறியது.

‘வீடியோதான் காப்பாற்றியது’ என்று ஒரே வரியில் இந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த வரி போதவில்லை. வீடியோ பெரிய வேலை செய்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தப் பாடல் இரண்டு முறை தோற்றபோது, இரண்டு முறையும் ஒரே காரணத்தால் தோற்கவில்லை. முதல் தடவை குறை காதுக்கு எட்டியதில் இருந்தது. இரண்டாவது தடவை அது காதை எட்டவே இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் நடந்தது என்ன என்று விளங்கும்.

சூயிங்கம் பெயரில் ஒரு மெட்டு

ஆ-ஹா உருவாகும் முன்பே இந்தப் பாடலின் உயிர் பிறந்துவிட்டது. ஓஸ்லோவில் போல் வாக்டார், மாக்னே ஃபுருஹோல்மன் என்ற இரண்டு இளைஞர்கள் ‘பிரிட்ஜஸ்’ என்ற குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1980இல் ‘ஃபாக்கல்டாக்’ என்ற ஒரு ஆல்பத்தையும் சொந்தமாக வெளியிட்டார்கள். டோர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாட்டுகளில் ஊறி, கொஞ்சம் இருண்ட, கனமான இசையைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. மாக்னே பதின்ம வயதிலேயே கீபோர்டில் கண்டெடுத்த ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு இசைத்துணுக்கு, அவர்களிடம் கிடந்தது. துள்ளலாக, வெளிச்சமாக, கேட்டவுடன் ஒட்டிக்கொள்கிற ரிஃப். பிரிட்ஜஸ் குழுவின் முகத்துக்கு அது பொருந்தவில்லை. ரொம்பவும் ‘பாப்’பாக இருக்கிறது என்று நினைத்தார்கள். ‘ஜூசி ஃப்ரூட் பாட்டு’ என்று ஒரு சூயிங்கத்தின் பெயரால் அதை அழைத்ததிலிருந்தே அவர்கள் அதை எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்று தெரிகிறது.

இந்தக் கட்டத்தை வேகமாகக் கடந்து போகக்கூடாது என்று நினைக்கிறேன். பின்னாளில் உலகமே முணுமுணுத்த ரிஃப், அதைச் செய்தவர்களுக்கே கொஞ்சம் கூச்சம் தந்த ரிஃப்பாக இருந்திருக்கிறது. சுலபமாக வந்ததை மதிக்கத் தயங்குகிற குணம் இளம் கலைஞர்களிடம் அடிக்கடி உண்டு. கஷ்டப்பட்டுச் செய்தது உயர்ந்தது, தானாக வந்தது மட்டம் என்று மனம் ஒரு கணக்குப் போட்டுவிடும்.

அந்தக் கணக்கை மாற்றியவர் மோர்டன் ஹார்கெட். பிரிட்ஜஸ் கலைந்து, போல் வாக்டாரும் மாக்னேயும் லண்டனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய பிறகு, 1982இல் மூவரும் ஒன்று சேர்ந்தார்கள். பழைய துண்டை மறுபடி கையில் எடுத்தார்கள். ‘லெசன் ஒன்’ என்ற பெயரில் அது ஒரு பாட்டாக வளர்ந்தது. இப்போது அவர்களிடம் ரிஃப்போடு ஒரு குரலும் இருந்தது. அந்தக் குரல் எதுவரை போகும் என்று காட்டுவதற்காகவே பல்லவியை ஏறுமுகமாகக் கட்டினார்கள்.

அந்தப் பல்லவியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பாடல் மேற்கத்திய இசையின் ஏ மேஜர் என்ற சுர வரிசையில் இருக்கிறது. ஆண்குரலின் தரைத்தளம் என்று சொல்லத்தக்க கீழ் ‘ஏ’ சுரத்தில் பல்லவியின் முதல் சொல் விழுகிறது. அங்கிருந்து ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிட ஒரு படி மேலே தொடங்குகிறது. நான்காவது வரி முடியும்போது குரல் இரண்டரை ஸ்தாயி ஏறி, ஃபால்செட்டோ எனப்படும் அந்த மெல்லிய மேல்குரலில் உச்ச ‘ஈ’யைத் தொட்டு நிற்கிறது. அதே நேரத்தில் அடியில் பேஸ் எனப்படும் கீழ்ச்சுர இசை என்ன செய்கிறது என்று கவனித்துக் கேளுங்கள். ஏ, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப் என்று அது படிப்படியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலே குரல் ஏற, கீழே தரை இறங்க, நடுவில் வெளி விரிந்துகொண்டே போகிறது. கேட்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியவேண்டியதில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒரு கதவு திறக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. தாளம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 169 தட்டு என்கிற ஓட்டத்தில் போகிறது. ஆனால் பல்லவியில் குரல் நீண்ட நீண்ட சுரங்களில் நிதானமாக மிதக்கிறது. கீழே ஒருவன் நூலைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடுகிறான், மேலே பட்டம் அசையாமல் நிற்பதுபோல் தெரிகிறது. பாடலின் வசீகரம் பெரும்பாலும் இந்த இரண்டு வேகங்களுக்கு இடையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். முதல் பதிவு எங்கே சறுக்கியது என்று பார்க்கும்போது இது உதவும்.

தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இந்தச் சொற்களை இந்த வரிசையில் அடுக்கமாட்டார்கள். பல்லவியின் இரண்டாம் வரி அதே சொற்களை ‘டேக் மீ ஆன்’ என்று இடம் மாற்றிச் சொல்லும்போதுதான் அது அவர்களுக்குப் பழகிய ஆங்கிலமாகிறது. அயல்மொழியில் எழுத வந்தவர்களின் கைரேகை அது. அதைத் திருத்தாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. தயங்கித் தயங்கிப் பேசுகிற ஒருவனின் பாட்டு இது. சொற்கள் சற்றே தடம் மாறி நிற்பது அவனுக்குப் பொருந்துகிறது.

முதல் பதிவு

1983 ஜனவரியில் மூவரும் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள். கையிலிருந்த காசு சீக்கிரமே கரைந்தது. வறுமையில்தான் அந்த ஆண்டை ஓட்டினார்கள். டெமோ எனப்படும் மாதிரிப் பாட்டைப் பதிவு செய்ய ஜான் ராட்கிளிஃப் என்பவரின் ஸ்டுடியோவைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டு எந்திரம் இருந்ததுதான் அதற்குக் காரணம் என்று சொல்வார்கள். ராட்கிளிஃப் அவர்களைத் தன் நண்பர் டெர்ரி ஸ்லேட்டரிடம் அழைத்துப் போனார். ஸ்லேட்டர் மேனேஜரானார். அந்த ஆண்டு முடிவதற்குள் வார்னர் என்ற இசைப்பதிவு நிறுவனத்தோடு ஒப்பந்தமும் ஆனது.

முதல் பதிவுக்கு டோனி மான்ஸ்ஃபீல்டு தயாரிப்பாளர். ஆஸ்திரேலியாவில் உருவான ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவியில் கைதேர்ந்தவர். அன்றைக்கு அதுதான் உச்சகட்டத் தொழில்நுட்பம். எந்த ஒலியையும் பதிவு செய்து சுரமாக வாசிக்கலாம். ஆனால் டெமோவில் இருந்த துடிப்பு இந்தப் பதிவில் தளர்ந்துவிட்டது. வெளிவந்த ஒலி தாங்கள் மனதில் கேட்டது இல்லை என்று குழுவுக்கே தோன்றியது. மறுபடி கலவை செய்து பார்த்தார்கள். அந்த வடிவம்தான் 1984இல் வெளிவந்தது. கூடவே ஒரு வீடியோவும் இருந்தது: நீலப் பின்னணியில் மூவரும் நின்று பாடுவார்கள். அந்தக் காலத்தில் ஆயிரம் குழுக்களுக்கு எடுத்த வீடியோவைப் போல.

அந்த 1984 பதிவை இன்றும் கேட்க முடியும். கேளுங்கள். மெட்டு அதேதான், ரிஃப் அதேதான், மோர்டனின் குரலும் அந்த உச்சத்தைத் தொடுகிறது. ஆனாலும் என் காதுக்கு அது ஒரு பொம்மைப் பெட்டிக்குள் நடப்பதுபோல் இருக்கிறது. ஒலிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுவாரசியமானவை, சேர்ந்து ஓடவில்லை. கீழே ஓடவேண்டியவன் நின்று நின்று நடக்கிறான், அதனால் மேலே பட்டமும் காற்றுப் பிடிக்கவில்லை. பல்லவி உச்சிக்குப் போகும்போது சுற்றிலும் விரியவேண்டிய இடம் விரியவில்லை.

இருந்தும் நார்வேயில் இந்தப் பதிவு மூன்றாம் இடம் வரை போனது. இதைச் சொந்த ஊர்ப் பாசம் என்று ஒதுக்கிவிடலாம். கொஞ்சம் பாசமும் இருந்திருக்கும். ஆனாலும் ஒரு சந்தையில் மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. மெட்டில் விஷயம் இருக்கிறது, சுற்றியிருக்கும் உறையில்தான் ஏதோ சரியில்லை என்று யோசிக்க அது இடம் கொடுத்தது. பிரிட்டனின் 137ஐ மட்டும் பார்த்தவர்கள் கோப்பை மூடியிருப்பார்கள்.

இரண்டாம் பதிவு

மூடவிடாமல் காத்தவர்கள் இருவர். மேனேஜர் ஸ்லேட்டர் ஒருவர். வார்னரின் ஆண்ட்ரூ விக்ஹாம் மற்றவர். குழுவை நம்பி ஒப்பந்தம் போட்ட விக்ஹாம், முதல் தோல்விக்குப் பிறகும் இன்னொரு பெரிய தொகைக்குச் சம்மதம் வாங்கினார். தோற்ற பாட்டை ஓரம் கட்டிவிட்டு ஆல்பத்திலிருந்து வேறொரு பாட்டை எடுத்து விடுவது சுலபமான வழி. அப்படிச் செய்யாமல் அதே பாட்டைத் திரும்பப் பதிவு செய்ய முடிவெடுத்தார்கள். இந்த வழக்கில் எனக்கு மிகப் பெரிய முடிவாகத் தெரிவது இதுதான்.

அழைக்கப்பட்டவர் ஆலன் டார்னி. பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டுக்கு வெற்றிப்பாடல்கள் எழுதித் தயாரித்த அனுபவசாலி. அவர் புரட்சி எதுவும் செய்யவில்லை. ரோலண்ட் ஜூனோ-60, யமஹா டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசர்கள் (மின்னொலியை உருவாக்கும் கீபோர்டுகள்), லின்டிரம் என்ற டிரம் மெஷின் ஆகிய, அன்று பல ஸ்டுடியோக்களிலும் கிடைத்த கருவிகளை வைத்துக்கொண்டு பாடலை அதன் டெமோவின் துடிப்புக்கே திருப்பிக் கொண்டுவந்தார். டிரம் முதலில் தனியாக ஓட ஆரம்பிக்கிறது. அப்புறம் அடியில் சிந்தசைசர் விரிகிறது. பிறகுதான் ரிஃப் வந்து குதிக்கிறது. அந்த வரிசையிலேயே பாதி வெற்றி இருக்கிறது. கேட்பவர் ஓட்டத்தில் சேர்ந்த பிறகுதான் விருந்து பரிமாறப்படுகிறது. ஓட்டம் நிற்கவில்லை, அதனால் குரல் நிதானமாக மிதக்க முடிந்தது.

இன்று உலகம் கேட்பது இந்தப் பதிவைத்தான். ஆனால் இது வெளிவந்ததும் பிரிட்டனில் மறுபடியும் தோற்றது. வார்னரின் லண்டன் அலுவலகம் பெரிதாக முனையவில்லை. ஒருமுறை விழுந்த பாட்டை மறுபடி தூக்கிக்கொண்டு வானொலி நிலையங்களின் கதவைத் தட்ட எந்த விற்பனையாளருக்கும் தயக்கம் இருக்கும்தானே.

ஆகவே, பாட்டு சரியாகிவிட்டது, பதிவும் சரியாகிவிட்டது, ஆனாலும் அது யார் காதுக்கும் போய்ச் சேரவில்லை. ‘நல்ல சரக்கு தானாக விலைபோகும்’ என்கிற நம்பிக்கைக்கு இந்த இரண்டாம் தோல்வி நல்ல பதில்.

பென்சில் கோடுகள்

அமெரிக்க வார்னர் அலுவலகம் வேறு விதமாக யோசித்தது. 1981 ஆகஸ்டில் தொடங்கிய எம்டிவி என்ற பாடல் வீடியோ அலைவரிசை அதற்குள் அமெரிக்க இளைஞர்களின் வரவேற்பறைக்கு வந்துவிட்டிருந்தது. வானொலி மறுக்கிற பாட்டுக்கு அது ஒரு பக்கவாசல். வார்னரில் படைப்புப் பிரிவைக் கவனித்த ஜெஃப் அயராஃப், மைக்கேல் பேட்டர்சன் என்பவர் மாணவராக இருந்தபோது எடுத்த ‘கம்யூட்டர்’ என்ற பென்சில் அனிமேஷன் குறும்படத்தைப் பார்த்திருந்தார். அந்தப் பாணியில் ஒரு முழு வீடியோ செய்தால் என்ன என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. இயக்க அழைத்தது ஸ்டீவ் பாரனை. மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ வீடியோவை எடுத்தவர்.

அவர்கள் கையாண்ட முறைக்கு ரோட்டோஸ்கோப்பிங் என்று பெயர். மாக்ஸ் ஃப்ளைஷர் 1915இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பழைய நுட்பம். முதலில் நடிகர்களை வைத்துச் சாதாரணமாகப் படம் எடுத்துக்கொள்வது. பிறகு படச்சுருளை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, தாளில் விழவைத்து, அதன் மேல் கையால் வரைவது. முகம், முடி, கை மடிப்பு, சட்டைச் சுருக்கம் எல்லாம் பென்சில் கோடாகும். ஒரு தாள் முடிந்தால் அடுத்தது. பேட்டர்சனும் காண்டஸ் ரெக்கிங்கரும் இப்படி ஏறத்தாழ 3,000 ஃபிரேம்களை வரைந்தார்கள். 16 வாரங்கள் ஆயின. மூன்றேமுக்கால் நிமிடப் பாட்டுக்கு நான்கு மாத உழைப்பு! இரண்டு முறை விழுந்த ஒரு புதுமுகக் குழுவின் பாட்டுக்கு இவ்வளவு நேரத்தையும் பணத்தையும் ஒதுக்கச் சம்மதித்ததை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

கையால் வரைந்ததால் ஒரு ஃபிரேமின் கோடு அடுத்த ஃபிரேமின் கோட்டோடு அச்சுப்பிசகாமல் பொருந்தாது. கன்னத்தின் நிழற்கோடு ஒரு மயிரிழை நகரும். முடியின் இழை இடம் மாறும். ஓடவிட்டுப் பார்த்தால் படம் முழுக்க நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கம்தான் உயிர். கணினியில் வழுவழுப்பாகச் செய்திருந்தால் இது கிடைத்திருக்காது. பாட்டின் அடியில் ஓயாமல் துடிக்கும் தாளத்துக்கு அந்தக் கோடுகளின் நடுக்கம் கண்ணுக்குத் தெரியும் வடிவம் போல அமைந்துவிட்டது.

கதை எளிமையானது. லண்டனில் வாண்ட்ஸ்வொர்த் சாலையில் இருந்த ஒரு சின்ன கஃபேயில் படம் பிடித்தார்கள். ஒரு பெண் தனியாக உட்கார்ந்து காமிக்ஸ் படித்துக்கொண்டிருக்கிறாள். பக்கவண்டி வைத்த மோட்டார் சைக்கிள் பந்தயக் கதை. கட்டத்துக்குள் இருக்கும் நாயகன் அவளைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறான். அடுத்த நொடி பென்சிலால் வரைந்த ஒரு கை தாளிலிருந்து எழுந்து அவளை நோக்கி நீள்கிறது. பந்தி பெய்லி என்ற நடிகை அந்த இடத்தில் பயமும் ஆசையுமாகத் தயங்கும் அரை நொடி எனக்கு எப்போதும் பிடிக்கும். பிறகு கையைக் கொடுக்கிறாள், உள்ளே போகிறாள். அங்கே ஒரு சட்டகம் நிற்கிறது. அதன் ஒரு பக்கம் பார்த்தால் அவன் கோட்டோவியம், மறுபக்கம் பார்த்தால் சதையும் ரத்தமும் உள்ள மனிதன்.

வெளியே, பில்லுக்குக் காசு தராமல் போய்விட்டாள் என்று எண்ணிய பரிசாரகி காமிக்ஸைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போடுகிறாள். தாள் கசங்கியதும் உள்ளே இருப்பவர்களின் உலகமும் கசங்குகிறது. பந்தயத்தில் எதிராளிகளாக இருந்தவர்கள் கையில் குறடோடு துரத்துகிறார்கள். நாயகன் தாள்சுவரைக் கிழித்து அவளை வெளியே அனுப்புகிறான். அவள் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் விழித்து, கசங்கிய தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறாள், தரையில் வைத்துத் தடவி நேராக்குகிறாள். கடைசியில் அவளுடைய வீட்டு நடையில் அவன். கட்டத்தின் சுவர்களில் இடமும் வலமுமாக மோதி மோதி, ஓவியமாகவும் மனிதனாகவும் மாறி மாறித் துடித்து, முழு மனிதனாக விழுகிறான்.

புதிதாக வந்த குழுவுக்கு இது செய்த நன்மையைச் சொல்லவேண்டும். நீலப் பின்னணி வீடியோவில் மோர்டன் பத்தோடு பதினொன்றாக ஒரு அழகான பாடகர். இங்கே அவர் ஒரு கதையின் நாயகன். பாடலில் தயங்கித் தயங்கிக் காதலைச் சொல்பவன் யார் என்ற கேள்விக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது: தாளுக்குள் மாட்டிக்கொண்டவன். ‘இன்னும் ஓரிரு நாளில் நான் இருக்கமாட்டேன்’ என்ற பொருளில் பல்லவி முடியும். தனியாகக் கேட்டால் அது கொஞ்சம் புதிராகத்தான் இருக்கும். கசக்கி எறியக்கூடிய தாளில் வாழும் ஒருவன் சொல்வதாக நினைத்துக் கேட்டால் நெஞ்சில் தைக்கிறது. வரியை எழுதியபோது இந்தக் கதை யார் மனதிலும் இல்லை. வீடியோ அதை உள்ளிருந்து கண்டெடுத்தது.

அமெரிக்காவில் வீடியோவை முதலில் விட்டு, ஒரு மாதம் கழித்தே சிங்கிளை வெளியிட்டார்கள். பார்த்தவர்கள் கடையில் கேட்கத் தொடங்கிய பிறகு பாட்டு வந்தது. ஜூலை 13 அன்று ஹாட் 100 பட்டியலில் 91ஆம் இடத்தில் நுழைந்தது. பதினைந்தாம் வாரத்தில் முதலிடம். ஒரே பாய்ச்சல் என்று இதைச் சொல்ல முடியாது. மூன்று மாதம் படிப்படியாக ஏறிய ஏற்றம். அமெரிக்காவில் கேட்ட சத்தம் லண்டனை எழுப்பியது. செப்டம்பரில் பிரிட்டனில் மூன்றாம் முறையாக வெளியிட்டார்கள். அங்கே மூன்று வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. ஜெனிஃபர் ரஷ்ஷின் ‘தி பவர் ஆஃப் லவ்’ முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நார்வேயில் இந்த முறை முதலிடம்.

1986 எம்டிவி விருது விழாவில் இந்த வீடியோ ஆறு விருதுகளை அள்ளியது. ஆண்டின் சிறந்த வீடியோ என்ற பெரிய விருது மட்டும் கைநழுவியது. அதை வாங்கிய டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் வீடியோவை இயக்கியவரும் இதே பாரன்தான் என்பதால், எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

எது வேலை செய்தது?

சரி, மூன்று வெளியீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மெட்டும் குரலும் மூன்றிலும் ஒன்றே. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் பதிவு மாறியது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குப் பதிவு மாறவில்லை, வீடியோவும் நிறுவனத்தின் முனைப்பும் மாறின. சோதனைச்சாலையில்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு ஒப்பீடு அமைவது கடினம். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நடந்ததை மட்டும் பார்ப்பவர்கள் ‘எல்லாம் வீடியோ’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அவர்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: 1984 பதிவின் மேல் இந்த வீடியோவை ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நான் அதை மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எம்டிவியில் ஒரு வாரம் எல்லோரும் வியந்து பேசியிருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. வீடியோ ஒருவரைப் பாட்டின் வாசல்வரை கூட்டிக்கொண்டு வரலாம். வண்டியில் போகும்போது, வானொலியில் படமே இல்லாமல் வரும்போது, ஒலியைக் கூட்டவைப்பது டார்னியின் பதிவு. மூன்று மாதம் ஏணிப்படி ஏறியது அப்படிக் கேட்டுக்கேட்டுத்தான்.

பாடல் தன் உடையில்லாமல் நிற்குமா என்பதற்கும் ஒரு சோதனை பின்னாளில் நடந்தது. 2017 ஜூனில் நார்வேயின் மேற்குக் கடற்கரையில் கிஸ்கே என்ற தீவில் எம்டிவியின் ‘அன்பிளக்டு’ நிகழ்ச்சிக்காக இதை மிக மெதுவாக, டிரம் மெஷினின் ஓட்டமோ சிந்தசைசரின் பாய்ச்சலோ இல்லாமல் பாடினார்கள். மோர்டனுக்கு அப்போது 57 வயது. வேகத்தைக் கழித்துவிட்டுக் கேட்கும்போது அடியில் இருந்த சோகம் மேலே வருகிறது. உச்ச சுரத்தை அவர் வெற்றிக்கொடி போல ஏற்றவில்லை, தணிந்த குரலில் தொட்டுவிட்டு இறங்குகிறார். அந்த வடிவம் புதிய தலைமுறை ஒன்றை இந்தப் பாட்டிடம் கொண்டுவந்தது. சூயிங்கம் பெயர் வைத்துச் சிரித்த துண்டுக்குள் இவ்வளவு துயரம் இருந்திருக்கிறது.

வெற்றியின் விலை

முதல் பாட்டே இவ்வளவு பெரிதாக வென்றால் அடுத்து வருவதெல்லாம் அதன் நிழலில்தான் வளரவேண்டும். அடுத்து வந்த ‘தி சன் ஆல்வேஸ் ஷைன்ஸ் ஆன் டி.வி.’ 1986 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. முதல் பாட்டுக்குக் கிடைக்காத இடம். அமெரிக்காவில் அதே பாட்டு 20ஆம் இடத்தோடு நின்றது. அதற்குப் பிறகு பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் வெற்றிப்பாடல்கள் வரிசையாக வந்தன. 1987இல் ஜேம்ஸ் பாண்டு படத்தின் தலைப்புப்பாடலைப் பாடினார்கள். 1991 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் அவர்களைக் கேட்க 1,98,000 பேர் காசு கொடுத்து வந்தார்கள். 2020 பிப்ரவரியில் யூடியூப்பில் ‘டேக் ஆன் மீ’ வீடியோ 100 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. இருந்தும் அமெரிக்கர்கள் பலருக்கு ஆ-ஹா இன்றுவரை ‘ஒற்றைப் பாட்டுக் குழு’தான். எனக்கு இது வருத்தம். அவர்களுடைய மற்ற ஆல்பங்களைத் தேடிக் கேட்டவர்களுக்கு இந்த வருத்தம் புரியும்.

இரண்டாவது பாட்டின் வீடியோவையும் பாரன்தான் எடுத்தார். முந்தைய கதை முடிந்த இடத்திலிருந்தே அது தொடங்குகிறது. காட்டில் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். தாளைவிட்டு வெளியே வந்த அவன் முகத்தில் பென்சில் கோடுகள் மறுபடி படர ஆரம்பிக்கின்றன. கையைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான், திரும்பி ஓடி மறைகிறான். அவள் அங்கேயே நிற்கிறாள். அதன் பிறகுதான் புதிய பாட்டு தொடங்குகிறது.